எதிர்த்தரப்பிலிருந்து பதில் இல்லை

ஜனவரி 8

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நான் சுகம். உன் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? பெற்ற பிள்ளை லிஃப்ட் மெக்கானிக், அவள் ஏறுவது மட்டும் படி. அவளிடம் அண்ணன் கேட்டதாகச் சொல்.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்து முப்பத்தாறு வருடமாக ஊருக்கெல்லாம் மனு எழுதித் தருகிறவன் நான். எழுத்தில் இல்லாதது என் கணக்கில் நடக்காதது.

விஷயத்துக்கு வருகிறேன். என் மனுக்களை ஸ்கேன் செய்து அனுப்பித் தரும் இன்டர்நெட் கடைக்காரம்மா நேற்று என்னைக் கூப்பிட்டு, "ஐயா, கொஞ்சம் இங்க வாங்க. இது உங்க பையன் இல்ல?" என்றார். திரையில் உங்கள் மூன்று பேரின் படம். முகத்தைவிட முடிதான் அதிகம் தெரிந்தது. கீழே 'துரு' என்று பேண்டின் பெயர். ஒரு குழுவுக்கு வைக்கிற பெயரா அது? ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு, "தப்பா நினைக்காதீங்க ஐயா, மோட்டார் காயில் கருகுதோன்னு ஃபேனை ஆஃப் பண்ணிட்டேன்" என்றார். நான் சிரிக்கவில்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். கதவை அறைந்து சாத்துவதற்கு முன்னால் அவன் அப்படித்தான் கத்துவான்.

படத்தின் பக்கத்தில் பதிவிறக்கம் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு காசு தராமல் யார் அழுத்தினாலும் பதினொரு பாட்டும் அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. இது திருட்டு. செய்தவன் யார், எந்த ஊர்க்காரன் என்று எழுது. நோட்டீஸ் தயாராக இருக்கிறது, பெயர் மட்டும்தான் பாக்கி.

இதை அவன்மேல் உள்ள அக்கறை என்று நினைத்துக்கொள்ளாதே. யார் வீட்டில் திருடு போனாலும் எழுதுகிறவன் நான்.

இப்படிக்கு,
மாமா

&nbsp;

ஜனவரி 19

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். அம்மா உங்கள் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கச் சொன்னாள்.

நோட்டீஸில் திருடன் பெயருக்கு விட்ட இடத்தில் எங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பாட்டுகளை அங்கே போட்டது நாங்கள்தான். இலவசமாகத்தான் போட்டோம்.

எங்கள் மாதிரி மெட்டல் என்ற உரத்த இசை வாசிக்கிற சின்னக் குழுக்களை எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்வதில்லை. போன வருடம் ஓர் ஓட்டல் மாடியில் வாசித்தோம். இரண்டாவது பாட்டிலேயே முதலாளி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். ஆனால் அந்த இணையதளத்தில் போட்டால் நாங்கள் போக முடியாத இடங்களுக்கெல்லாம் பாட்டு போகிறது. பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில் பஸ் ஓட்டுகிறவர் விடியற்காலை டிப்போவுக்குப் போகும்போது எங்களைத்தான் கேட்கிறாராம். எழுதியிருந்தார்.

எல்லாம் சட்டப்படிதான் மாமா. "எவரும் எடுத்துக்கொள்ளலாம், நகல் தரலாம், விற்கக் கூடாது, பெயரை மாற்றக் கூடாது" என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த வாசகத்தை எழுதியது அவன். "மூணு வருஷம் சட்டம் படிச்சது வீண் போகலைன்னு அவருகிட்ட சொல்லு" என்றான்.

அவனுக்குத்தான் கொஞ்சம் இருமல். அவன் வேலை பார்க்கும் பல் செட் பட்டறையில் தூள் அதிகம். ஒரு மாதம் லீவு போட்டிருக்கிறான்.

உங்கள்
மருமகன்

&nbsp;

ஜனவரி 27

அன்புள்ள மருமகனுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது.

தானே வாசலைத் திறந்துவைத்துவிட்டு எல்லோரும் அள்ளிக்கொண்டு போங்கள் என்பதற்குச் சட்ட வாசகம் வேறா? வாசகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஓர் அரைப்புள்ளிகூடத் தப்பில்லை. அதை எழுதத் தெரிந்தவன் கடைசி இரண்டு வருடத்தையும் படித்து முடித்திருக்கலாம்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். சட்டப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிப் படித்தேன். வக்கீல்கள் என்னிடம் வந்து வாசகம் கேட்டு வாங்கிப் போவார்கள், நான் கோர்ட்டுக்கு உள்ளே போக முடியாது. அவன் உள்ளே போவான் என்றிருந்தேன். அவன் கிதாரை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அப்போது அவனுக்கு எழுதவேண்டியதை எழுதிவிட்டேன். அதற்குப் பதில் எழுதாமல் ஐந்து வருடம் இருந்தவன் அவன். நானும் எதிர்பார்க்கவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் நான் வாசலில் நிற்பது வேறு காரியமாக.

இலவசமாகக் கிடைப்பதை எவனும் பத்திரமாக வைத்துக்கொள்ள மாட்டான். இதை அவனிடம் சொல்.

இருமலுக்கு ஆவி பிடிக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

மாமா

&nbsp;

பிப்ரவரி 21

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் வேலை. மூன்று வாரமாக அங்கேயே கிடக்கிறேன். அம்மா நலம். இப்போது கோயிலுக்கு அதிகம் போகிறாள்.

உங்களிடம் ஓர் உதவி. போன சனிக்கிழமை புதுப் பாட்டு ஒன்று போட்டிருக்கிறோம். கடைக்காரம்மாவிடம் சொன்னால் எடுத்துத் தருவார். ஆறு நிமிடம் ஓடும். தயவுசெய்து கேளுங்கள். கடைசிவரை கேளுங்கள் மாமா. ஆரம்பம் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், அங்கே நிறுத்திவிடாதீர்கள்.

பட்டறை முதலாளியின் லேப்டாப்பை இரவல் வாங்கிப் போன மாதம் அவன் அறையிலேயே பதிவு செய்தான். என் டிரம்ஸ் முன்பே எடுத்தது. குரலை உட்கார்ந்தபடி ஒவ்வொரு வரியாகப் பாடி ஒட்டினான். இரண்டு வரிக்கு ஒரு முறை நிறுத்தவேண்டியிருந்தது. "நகல் எடுத்து வைக்கவாடா?" என்று கேட்டேன். "தளத்துல போட்டாச்சுல்ல, அங்க அழியாது" என்றான்.

கேட்டதும் அவனுக்கு இரண்டு வரி எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அவனுக்கு.

மருமகன்

&nbsp;

மார்ச் 1

பெறுநர்: இணையதளத்தின் புகார்ப் பிரிவுப் பொறுப்பாளர்

ஐயா / அம்மா,

பொருள்: என் எழுத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியது குறித்து.

தங்கள் தளத்தில் 'துரு' என்ற குழு 'யாருடைய தூண்டுதலும் இன்றி' என்ற தலைப்பில் ஒரு பாட்டை வெளியிட்டுள்ளது. அதன் கீழே அச்சிட்டிருக்கும் வரிகளான "இதன்மூலம் தெரிவிப்பது என்னவென்றால், இன்று முதல் நீ என் மகன் என்ற பாத்தியதை எதற்கும் உரியவன் அல்ல, இது நான் சுயநினைவோடு, யாருடைய தூண்டுதலும் இன்றி எழுதியது" என்பவை ஐந்து வருடங்களுக்கு முன் நான் எழுதிய தனிப்பட்ட கடிதத்தின் வாசகங்கள். என் கைநகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

தங்கள் விதிப்படி ஒரு பாட்டில் தகராறு இருந்தால் குழுவின் பக்கம் முழுவதும் உடனே மூடப்பட வேண்டும். பாடியவர் முப்பது நாளுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். தவறினால் எல்லாம் நிரந்தரமாக நீக்கப்பட வேண்டும். அதன்படி நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன். பாடியவரின் பதில் அவர் கைப்பட எழுதியதாக இருக்க வேண்டும். அதன் நகல் எனக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
மனுதாரர்

&nbsp;

மார்ச் 1

அன்புள்ள மருமகனுக்கு,

நலம். உன் அம்மா நலம்தானே?

பாட்டைக் கேட்டேன். அதைப் பற்றி உன்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

அவனுக்கு இரண்டு வரி எழுதச் சொன்னாய். எழுத வேண்டியதை எழுதி அனுப்பிவிட்டேன், அவனுக்கு வந்து சேரும். முப்பது நாள் கெடு. இந்த முறை அவன் பதில் எழுதித்தான் ஆகவேண்டும்.

மாமா

&nbsp;

மார்ச் 16

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை அவனிடம் படித்துக் காட்டினேன். "பாட்டைக் கேட்டேன்" என்ற இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினான். "இன்னொரு தடவை படி" என்றான். முப்பது நாள் கெடு என்று வந்ததும் சிரித்தான். சிரித்தால் இருமல் வருகிறது, ஆனாலும் சிரித்தான். "பாரு, லவ் லெட்டருக்கும் கெடு வைப்பாரு மனுஷன்" என்றான். ஒரு மாதத்தில் அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் நீங்கள் அவனுக்கு எழுதிய கடிதம் இன்னும் வரவில்லை. அவன் அறைக்குத் தினமும் போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். மின்சாரப் பில் இருக்கிறது. தபால் நிலையத்திலும் விசாரித்தேன். நான் உள்ளே நுழைந்ததும் என் கையைத்தான் பார்க்கிறான். "வந்துச்சா?" என்கிறான். எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள்? தொலைந்திருந்தால் திரும்ப எழுதுங்கள். என் பெயருக்கே அனுப்புங்கள்.

மாமா, அவனுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லைதான். அதற்குமேல் எழுத எனக்கு அனுமதி இல்லை. வந்து ஒரு முறை பார்த்துவிட்டுப் போகலாமே.

மருமகன்

&nbsp;

ஏப்ரல் 2

அன்புள்ள மருமகனுக்கு,

நலம். உன் கடிதம் பார்த்தேன். சரியான இடத்துக்குத்தான் அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை என்னிடம் இருக்கிறது. வரவில்லை என்று சொல்லச் சொன்னானா? நானும் இந்த மாதிரி எத்தனை எதிர்த்தரப்பைப் பார்த்திருக்கிறேன்.

கெடு முந்தாநாளோடு முடிந்தது. எதிர்த்தரப்பிலிருந்து பதில் இல்லை. ஒருதலையாக எனக்குச் சாதகமாக முடிவாகிவிட்டது. அவனிடம் சொல்லிவிடு.

உடம்பு சரியில்லை என்றால் அவனே எழுதட்டும், வருகிறேன். ஒரு வரி போதும்.

மாமா

&nbsp;

ஏப்ரல் 24

மாமாவுக்கு,

வணக்கம். அம்மா படுத்தே இருக்கிறாள். நான் வேலைக்குப் போகிறேன்.

உங்கள் ஏப்ரல் இரண்டாம் தேதிக் கடிதம், நாம் அவனை எரித்துவிட்டு வந்த மறுநாள் வந்தது. அவனிடம் சொல்லச் சொன்னதைச் சொல்ல முடியவில்லை.

கடைக்காரம்மாவுக்கு நான் போன் செய்ததும் புறப்பட்டு வந்தீர்கள். அவன் தலைமாட்டில் நின்றீர்கள். மாலை பஸ்ஸிலேயே போய்விட்டீர்கள். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நுரையீரல் முழுக்கப் பல் பட்டறைத் தூள். டிசம்பரிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் நான் லிஃப்ட் வேலை பார்க்கவில்லை, அவன் கட்டில் பக்கத்தில் இருந்தேன். உங்களுக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். "அவரு பாட்டைக் கேட்டுட்டு வரட்டும். சீக்குன்னு கேட்டு வர வேணாம்" என்றான்.

அந்தப் பாட்டில் முதலில் வருவது உங்கள் கடிதம். உங்களைக் கேலி செய்வதாக நினைத்திருப்பீர்கள். இல்லை மாமா. அது முடிந்ததும் அவன் உங்களுக்குப் பதில் சொல்கிறான். நாலு நிமிடம். அந்த வரிகளை அவன் தளத்தில் அச்சிடவில்லை, எங்கும் எழுதியும் வைக்கவில்லை. அந்தக் கரகரப்பில் எனக்கே ஒன்றும் பிடிபடவில்லை. 'கையெழுத்து' என்று ஓர் இடத்தில் வருவது மட்டும் நிச்சயம். "எழுதிக் குடுடா" என்றேன். "மொதல்ல அவரு கேக்கட்டும். புரியலைன்னா நேர்ல வந்து கேப்பாருல்ல, அப்ப சொல்றேன்" என்றான்.

மார்ச் முழுக்க எங்களில் யாரும் தளத்தைத் திறந்து பார்க்கவில்லை. இப்போது அந்தப் பக்கமே இல்லை. பன்னிரண்டு பாட்டையும் காணோம். முதலாளி லேப்டாப்பைத் திரும்ப வாங்கியதும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை, அவருக்குத் தெரியாது. குழுவின் மின்னஞ்சல் கடவுச்சொல் அவனுக்கு மட்டும்தான் தெரியும். தளத்துக்கு யாருக்கு, எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். ஒரு மனு எழுதித் தாருங்கள் மாமா.

மருமகன்

&nbsp;

ஜூலை 30

அன்புள்ள மருமகனுக்கு,

உன் அம்மா எழுந்து நடமாடுகிறாளா? நான் இருக்கிறேன்.

பார்வை: உன் ஏப்ரல் 24 தேதியிட்ட கடிதம். பதில் எழுத மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். இத்தனை நாள் நான் எந்தக் கடிதத்துக்கும் எடுத்ததில்லை.

பக்கத்தை மூடவைத்தது நான். மார்ச் முதல் தேதி மனு கொடுத்தேன். நீ அவன் தபால் பெட்டியில் தேடியது அங்கே வராது. அவன் மின்னஞ்சலுக்குத் தளம் அனுப்பிய நோட்டீஸைத்தான் அவனுக்கு எழுதியதாக உனக்கு எழுதினேன். வேறு கடிதம் எதுவும் நான் எழுதவில்லை.

அந்த வார்த்தைகள் என்னுடையவை. சட்டப்படி என் மனுவில் பிழை இல்லை. இன்று எழுதினாலும் அதே வாசகத்தைத்தான் எழுதுவேன். பிழை இருந்திருந்தால் தள்ளுபடி ஆகியிருக்கும். என் மனு எதுவும் தள்ளுபடி ஆனதில்லை.

எனக்கு அவனுடைய காசும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். நோட்டீஸ் போனால் பதில் எழுதியே ஆகவேண்டும். வேறு எப்படி அவனை எழுதவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே வாபஸ் மனு கொடுத்தேன். கெடு முடிந்ததும் அழித்துவிட்டோம், மீட்க வழியில்லை என்று பதில் வந்தது. திரும்ப எழுதினேன். அதே பதில். ஏழு முறை எழுதினேன். ஏழும் தள்ளுபடி.

மாமா

&nbsp;

ஆகஸ்ட் 18

மாமாவுக்கு,

அம்மா நடக்கிறாள். உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

பத்து நாள் இதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். இருபத்தொரு நாள் அவன் என் கையைப் பார்த்தான் மாமா. வந்துச்சா, வந்துச்சா என்று. அதற்குமேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

மற்ற செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பாட்டுகள் தொலைந்த விஷயத்தை, இந்த மாதிரிப் பாட்டுக் கேட்பவர்கள் இணையத்தில் கூடும் இடங்களில் எழுதிப் போட்டேன். யார் வேண்டுமானாலும் நகல் வைத்துக்கொள்ளலாம் என்று அவன் எழுதியிருந்தான் அல்லவா? வைத்திருந்தார்கள். நாற்பத்து மூன்று பேர் திருப்பி அனுப்பினார்கள். பஸ் ஓட்டுகிறவர்தான் முதலில். பழைய பாட்டு பதினொன்றும் வந்துவிட்டது. இலவசமாகக் கிடைப்பதை எவனும் பத்திரமாக வைத்துக்கொள்ள மாட்டான் என்றீர்கள். நீங்கள் சொன்னதை நல்லவேளை அவனிடம் சொல்லவில்லை.

கடைசிப் பாட்டு மட்டும் யாரிடமும் இல்லை. எங்கள் பேஸ் கிதார்காரன், நாங்கள் 'கண்ணாடி' என்று கூப்பிடுகிறவன், போன வாரம் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தான். மின்னஞ்சல் பெட்டியில் நோட்டீஸ் திறக்கப்படாமல் கிடந்தது. அதற்குக் கீழே தளம் அனுப்பிய பிப்ரவரிக் குறிப்பு ஒன்று. அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் ஏழு பேர். பதிவிறக்கியவர் ஒருவர். நான் இல்லை, கண்ணாடியும் இல்லை. நீங்களாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த நிமிடம் நன்றாக இருந்தது.

அந்த ஒருவருக்கு எழுதித் தாருங்கள். எல்லா இடத்திலும் போடுகிறேன். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எனக்கு எழுத வேண்டாம்.

மருமகன்

&nbsp;

செப்டம்பர் 5

பெறுநர்: பிப்ரவரி கடைசி இரண்டு வாரங்களில் 'யாருடைய தூண்டுதலும் இன்றி' என்ற பாட்டைப் பதிவிறக்கிய ஒரே நபர், ஊர் தெரியாது

ஐயா அல்லது அம்மா,

வணக்கம். தாங்கள் நலமாக இருக்க வேண்டும்.

தங்களிடம் இருக்கும் பாட்டின் இன்னொரு நகல் உலகத்தில் இல்லை. அழிய நான்தான் காரணம். எப்படி என்பதைக் கேட்டால் தனியாக எழுதுகிறேன், மறைக்க மாட்டேன்.

இரண்டு நிமிடம் பத்து விநாடிவரை அதில் வருவது நான் எழுதிய கடிதம். அதன்மேல் எனக்கிருந்த உரிமையை விட்டுவிட்டேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம், நகல் தரலாம். அந்த வார்த்தைகள் எனக்கு வேண்டாம்.

அதற்குமேல் வருவது எனக்கு வந்த பதில். அதை நான் கேட்கவில்லை. என் வார்த்தைகள் முடிந்த இடத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தேன். முழுக்கக் கேட்டதாக என் மருமகன் நினைத்தான். பாடியவனும் நினைத்தான். அவர்கள் நினைக்கும்படிதான் நான் எழுதினேன். இதை முதன்முதலாகத் தங்களிடம்தான் சொல்கிறேன்.

தங்களுக்கு எங்கள் மொழி தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும் அந்தக் குரலில் ஒரு சொல்லும் பிடிபடாமல் போகலாம். பாதகமில்லை. அனுப்பி மட்டும் வையுங்கள், நான் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். எத்தனை முறை கேட்கவேண்டியிருந்தாலும் கேட்பேன். என்னைத் திட்டியிருந்தாலும் அது எனக்கு வந்தது. மறுப்பு எழுத மாட்டேன்.

வேலை நாட்களில் பத்திலிருந்து ஐந்துவரை பதிவு அலுவலக வாசலில், இடதுபக்கத்து மூன்றாவது மேசையில் இருப்பேன். மற்ற நேரம் வீட்டில். முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பாடியவனின் அப்பா